புலம்பெயர்ந்த கரீபிய மக்களுக்கு ஒரு சமூகப் பத்திரிகை: நல்ல சேதியை அச்சில் ஏற்றும் வழி

டிரினிடாடில் பிறந்த கிளாடியா ஜோன்ஸ், அமெரிக்கா நாடு கடத்தியதால் லண்டன் வந்து சேர்ந்தவர். 1958 மார்ச்சில் பிரிக்ஸ்டனிலிருந்து ‘வெஸ்ட் இண்டியன் கெசட்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் நாட்டிங் ஹில்லில் வெள்ளையர் கும்பல்கள் கரீபிய மக்களைத் தாக்கின. பத்திரிகை அதை எழுதியது. எழுதியதோடு நிற்காமல் 1959 ஜனவரி 30 அன்று செயின்ட் பாங்க்ரஸ் டவுன் ஹாலில் உள்ளரங்கக் கார்னிவல் (ஆடல்பாடல் திருவிழா) ஒன்றையும் நடத்திக் காட்டியது. ஊக்கம் தரும் சேதி என்றால் கசப்பை மறைத்துவிட்டுச் சிரித்த முகங்களை மட்டும் போடுவது என்று நினைப்பவர்கள் இந்தப் பத்திரிகையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

டொரன்டோ, புரூக்ளின், லண்டன், தெற்கு ஃபுளோரிடா என்று எங்கே நடத்தினாலும் இப்படிப்பட்ட பத்திரிகையை வாசகர் நம்புவதும் கைவிடுவதும் ஒரே விஷயத்தைப் பொறுத்தது: அதில் வரும் பாராட்டு சரிபார்க்கப்பட்டதா என்பதுதான். யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவருடைய பக்கத்து வீட்டுக்காரரும் சர்ச்சில் கூட உட்காருபவரும் அதை வாசிக்கிறார்கள். ஒரு சொல் மிகையானாலும் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

முதல் இதழின் கணக்கு

மாத இதழாகத் தொடங்குங்கள். டேப்லாய்டு அளவு (வழக்கமான நாளிதழில் பாதி), 16 பக்கம், 5,000 பிரதி. எடுத்த எடுப்பில் வார இதழ் வேண்டாம். விளம்பரக்காரர்களிடமிருந்து பணம் வந்துசேர 45 முதல் 60 நாள் வரை இழுக்கும். அச்சகம் அவ்வளவு நாள் காத்திருக்காது. வார இதழ் என்றால் முதல் இதழின் பணம் கைக்கு வருவதற்குள் ஏழெட்டு இதழுக்கான அச்சுக்கூலியைக் கொடுத்திருக்க வேண்டும். மாத இதழுக்கு மூன்று இதழின் அச்சுக்கூலியும் வண்டிச் செலவும் கையிருப்பில் இருந்தால் தாக்குப்பிடிக்கலாம். அதற்குக் குறைவாக இருந்தால் ஓரிரு மாதம் தள்ளித் தொடங்குவதே நல்லது.

பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காகத்தான் இருக்க முடியும். பல ரோல் பிரஸ்களில் எட்டின் மடங்கு மலிவாக வரும். 16-லிருந்து 20-க்குப் போவதைவிட 24-க்குப் போவது சில அச்சகங்களில் எளிது. இதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். விளம்பரம் அதிகமாக வந்துவிட்ட ராத்திரியில் கேட்கிற கேள்வி அல்ல இது.

16 பக்கத்தில் ஏழெட்டுப் பக்கம் விளம்பரம் போகும். மிச்சத்தில் நிகழ்ச்சி நாட்காட்டிக்கு ஒரு பக்கம், இரங்கல், நன்றி அறிவிப்புகளுக்கு ஒரு பக்கம். ஆறு முதல் ஏழு பக்கம்தான் செய்திக்கு நிற்கும். தலைப்பும் படமும் வைத்தபின் ஒரு டேப்லாய்டு பக்கத்தில் ஏறத்தாழ 650 ஆங்கிலச் சொற்கள் பிடிக்கும். ஆக மொத்தம் 4,000 முதல் 4,500 சொற்கள். அதற்குள் 900 சொற்களில் ஒரு பெரிய கட்டுரை, 500 சொற்களில் இரண்டு, 250 சொற்களில் ஆறேழு, மீதி துணுக்குகள். இந்தக் கணக்கு முன்னால் இல்லாமல் எழுத உட்கார்ந்தால் எல்லாரும் 1,200 சொற்கள் எழுதி வருவார்கள். கடைசியில் எழுத்தைச் சுருக்கி 7.5 புள்ளி (பாயின்ட்) அளவில் போட வேண்டி வரும். உங்கள் வாசகரில் பாதிப் பேர் அறுபதைக் கடந்தவர்கள். கட்டுரையின் எழுத்து 9.5 புள்ளிக்குக் கீழே இறங்கக் கூடாது. வரி இடைவெளி 11 புள்ளி.

நாட்களைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். பிரதிகள் வியாழக்கிழமை கடைக்குப் போக வேண்டும். அப்போதுதான் சனிக்கிழமை முடிதிருத்தும் கடைக் கூட்டத்துக்கும் ஞாயிறு சர்ச் கூட்டத்துக்கும் கிடைக்கும். அதற்குச் செவ்வாய் மதியம் கோப்பு அச்சகத்தில் இருக்க வேண்டும். திங்கள் முழுக்க மெய்ப்பு. விளம்பரக் கெடு முந்தைய புதன், செய்திக் கெடு வெள்ளி. விளம்பரக் கெடு முன்னால் வரக் காரணம், பக்க எண்ணிக்கையைத் தீர்மானிப்பது விளம்பரம்தான். அது தெரியாமல் பக்கம் போட்டால் இரண்டு முறை போட வேண்டி வரும்.

கதை எங்கே கிடைக்கும், எப்படிச் சரிபார்ப்பது

ஜமைக்காப் பள்ளிகளின் பழைய மாணவர் சங்கங்கள் டொரன்டோவிலும் நியூயார்க்கிலும் ஆண்டுதோறும் விருந்து நடத்திப் பணம் திரட்டிச் சொந்தப் பள்ளிக்கு அனுப்புகின்றன. சர்ச் பெண்கள் குழுக்கள், கிரிக்கெட் கிளப்புகள், ஸ்டீல்பேன் என்ற இரும்பு மேளம் பழகும் யார்டுகள், கார்னிவல் உடை தைக்கும் மாஸ் கேம்ப்புகள், ஓய்வுபெற்ற நர்சுகளின் சங்கங்கள், கடன் சங்கங்கள் ஆகியவற்றின் செயலாளர்களை மாதம் ஒருமுறை போனில் பிடித்தால் கதைக்குப் பஞ்சமே இருக்காது. தலைவரைவிடச் செயலாளருக்குத்தான் எல்லாம் தெரியும். வரவுசெலவு நோட்டும் அவரிடம்தான் இருக்கும்.

நல்ல சேதி கெட்டுப்போவது பெரும்பாலும் முதல் வரியில். “சமூகத்துக்காக அயராது உழைத்துவரும் இசை ஆசிரியை பாராட்டப்பட்டார்” என்று தொடங்கும் கட்டுரையில் ஒன்றுமே இல்லை. அதே ஆளைப் பற்றி இப்படித் தொடங்கலாம்: “சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு சர்ச் நிலவறையின் கதவைத் திறந்து, 22 ஸ்டீல்பேன்களை ஒவ்வொன்றாக ஸ்டாண்டில் மாட்டுகிறார். முதல் பிள்ளை பத்து மணிக்கு வரும். மாதக் கட்டணம் கிடையாது. வராத நாளுக்கு மட்டும் அம்மாவிடமிருந்து ஒரு போன் வர வேண்டும்.” இது மாதிரிக்கு எழுதியதுதான். ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு தகவலையும் ஒரு மணி நேரம் அங்கே நின்றால் எடுத்துவிடலாம். பாராட்டுச் சொல் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பேட்டியில் தவறாமல் கேட்க வேண்டியவை: இதற்கு எவ்வளவு செலவானது, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, எது சரிவராமல் போனது, யார் உதவினார்கள், இப்போது என்ன தேவை. பணத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படும் நிருபர் எழுதும் கட்டுரை வாழ்த்து மடலாகத்தான் முடியும். தடை என்ன என்று தெரியாமல் சாதனையின் அளவு தெரியாது. டொரன்டோவின் எக்லின்டன் மேற்கில், லிட்டில் ஜமைக்கா என்று அழைக்கப்படும் பகுதியில், ஒரு கடை இன்னும் திறந்திருக்கிறது என்று மட்டும் எழுதினால் அது செய்தியாகாது. 2011-இல் தொடங்கிய ரயில் பாதை வேலையால் அந்தத் தெரு ஆண்டுக்கணக்கில் தோண்டிக் கிடந்தது, வாடிக்கையாளர் வண்டி நிறுத்த இடமில்லை, அக்கம்பக்கக் கடைகள் மூடின என்பதையும் சேர்த்து எழுதும்போதுதான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று வாசகருக்கு விளங்கும்.

அடுத்து, “முதல்” என்ற சொல். முதல் கறுப்பினப் பெண், முதல் கயானாக்காரர், முதல் கிரெனடா நீதிபதி என்று வரும் செய்திக் குறிப்புகளில் கணிசமானவை தவறு. இதைச் சொல்லும் நிறுவனத்திடமே எழுத்தில் உறுதி கேளுங்கள்; பிறகு இன்னோர் இடத்திலும் பாருங்கள். உறுதியாகாவிட்டால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு மற்றதைப் போடுங்கள். முன்பே அந்தப் பதவியில் இருந்தவரின் குடும்பம் அதே ஊரில்தான் இருக்கும். ஒருவரைப் புகழப் போய் இன்னொருவரின் வாழ்க்கையை அழித்தது போலாகிவிடும்.

விருதுச் செய்திகளிலும் இதே எச்சரிக்கை. “விருது பெறுபவர் கட்டணம் ஏதும் கட்டினாரா, விருந்தில் மேஜை வாங்க வேண்டும் என்று நிபந்தனை இருந்ததா” என்று கேளுங்கள். ஆம் என்றால் அது விளம்பரப் பக்கத்துக்குப் போக வேண்டியது.

குடியேற்ற நிலையை எழுதுவதில் மிகுந்த கவனம் வேண்டும். “விசிட்டர் விசாவில் வந்தேன், அப்புறம் இங்கேயே தங்கிவிட்டேன்” என்று ஒருவர் பேட்டியில் சிரித்துக்கொண்டே சொல்வார். அச்சில் வந்தால் அது அவருக்கு எதிரான ஆவணம். இப்படிப்பட்ட வரியைத் தனியாக வாசித்துக் காட்டி, அதன் விளைவைச் சொல்லி, வெளிப்படையாக ஒப்புதல் பெற்ற பிறகே சேருங்கள். சந்தேகம் இருந்தால் வேண்டாம். பிள்ளைகளின் படத்துக்குப் பெற்றோரின் எழுத்து ஒப்புதல் கட்டாயம்; பள்ளி கொடுத்த அனுமதி போதாது.

கசப்பான செய்தியை எப்படிப் போடுவது? விண்ட்ரஷ் விவகாரம் (1948-இல் கரீபிய மக்களைப் பிரிட்டனுக்கு ஏற்றிவந்த கப்பலின் பேர் அது) 2018-இல் வெடித்தபோது, பிரிட்டனில் சட்டப்படி பல பத்தாண்டுகள் வாழ்ந்தவர்கள் ஆவணம் இல்லை என்று வேலையும் வீடும் இழந்தது வெளியே வந்தது. நல்ல சேதிப் பத்திரிகை இதை ஒதுக்கிவிட முடியாது. வாசகர் அடுத்து என்ன செய்யலாம் என்பதையும் அதே பக்கத்தில் கொடுப்பதுதான் இந்தப் பத்திரிகையின் வேலை: 2019-இல் தொடங்கிய இழப்பீட்டுத் திட்டத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது, எந்தப் பழைய தாள்கள் சான்றாகும், பள்ளிப் பதிவேடு, சம்பளச் சீட்டு, டாக்டர் பதிவு இவற்றை எங்கே கேட்டு வாங்குவது, இலவசச் சட்ட உதவி எங்கே கிடைக்கும்.

ஊர், பேர்

ஜமைக்காவில் 14 பாரிஷ்கள் (நம் மாவட்டம் போன்றவை), பார்படோசில் 11. “ஜமைக்காவில் பிறந்தவர்” என்று எழுதாதீர்கள். பாரிஷும் ஊரும் எழுதுங்கள். செயின்ட் எலிசபெத் என்று பார்த்ததும் அங்கிருந்து வந்த அத்தனை பேரும் அந்தக் கட்டுரையை முழுதாக வாசிப்பார்கள். பேரையும் இரண்டு விதமாகக் கேளுங்கள்: சான்றிதழில் உள்ள பேர், எல்லாரும் கூப்பிடும் பேர். நாற்பது வருஷம் பழகியவருக்கே சான்றிதழ்ப் பேர் தெரியாமல் இருக்கும். இரண்டையும் எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லி, எழுதியதைத் திரும்பக் காட்டுங்கள்.

டொமினிகாவும் டொமினிகன் குடியரசும் வேறு வேறு நாடுகள். முதலாவதன் தலைநகர் ரோசோ, இரண்டாவதன் தலைநகர் சாண்டோ டொமிங்கோ. ஆங்கிலத்தில் இரண்டு நாட்டவரையும் ஒரே எழுத்துக்கூட்டில்தான் எழுதுவார்கள் என்பதால் நாட்டின் பேரையே போடுங்கள். கயானாவும் சூரினாமும் தென்னமெரிக்க நிலப்பரப்பில் இருக்கின்றன, பெலீஸ் மத்திய அமெரிக்காவில். ஆனாலும் மூன்றும் கரிகாம் என்ற கரீபிய நாடுகள் கூட்டமைப்பின் உறுப்பினர்கள், அதன் தலைமையகமே கயானாவின் ஜார்ஜ்டவுனில்தான். டிரினிடாடுடன் டொபேகோ, ஆன்டிகுவாவுடன் பார்புடா, செயின்ட் கிட்சுடன் நீவிஸ். இரண்டாவது தீவின் பேர் விடுபட்டால் அந்தத் தீவுக்காரர் போன் செய்வார். அவர் கோபத்தில் நியாயம் உண்டு.

ஜமைக்காவும் டிரினிடாடும் எண்ணிக்கையில் பெரியவை என்பதால் இயல்பாகவே பக்கங்களை நிரப்பிவிடும். இதைத் தடுக்க ஒரு தாள் போதும்: இடப்பக்கம் நாடுகள், மேலே பன்னிரண்டு மாதம். ஒவ்வொரு இதழிலும் எந்த நாட்டவர் பற்றி 250 சொற்களுக்கு மேல் வந்தது என்று குறியுங்கள். நான்கு மாதமாகக் காலியாக இருக்கும் கட்டத்திலிருந்து அடுத்த பெரிய கட்டுரையை எடுங்கள். செயின்ட் வின்சென்ட் சங்கத்தில் முந்நூறு உறுப்பினர் இருந்தால், அந்த மாதம் முந்நூறு வீட்டில் பத்திரிகை பத்திரமாக இருக்கும்.

கரீபியர் என்றாலே ஆப்பிரிக்க வம்சாவளியினர் மட்டும் என்று எடுத்துக்கொள்வதும் பரவலான தவறு. ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் கயானாவுக்கு 1838 மே 5 அன்றும் டிரினிடாடுக்கு 1845 மே 30 அன்றும் முதன்முதலாக வந்து இறங்கினார்கள். அந்த நாட்கள் இன்றும் வருகை நாளாகக் கொண்டாடப்படுகின்றன. பெரும்பாலோர் வட இந்தியர். ஆனால் சென்னையிலிருந்து கப்பலேறியவர்களும் உண்டு. குவாதலூப், மார்டினிக் தீவுகளுக்குப் புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போனவர்களும் உண்டு. கயானாவில் மதராசி வழிபாடு என்றே பேர் பெற்ற காளியம்மன், மாரியம்மன் பூஜை நியூயார்க் குவீன்சின் ரிச்மண்ட் ஹில் வரை வந்திருக்கிறது. அங்கே லிபர்ட்டி அவென்யூ முழுக்கக் கயானாக் கடைகள். மே மாத இதழில் இந்த மக்கள் இல்லையென்றால் அந்தத் தெருவில் கட்டுப் பிரிக்காமலே கிடக்கும்.

பேச்சு வழக்கை மேற்கோளில் போடும்போது, பேசியவரிடம் வாசித்துக் காட்டுங்கள். பாட்வா என்ற ஜமைக்காப் பேச்சுமொழியில் ஒருவர் சொன்னதை நிருபர் தன் காதுக்குப் பட்டபடி எழுதினால் கேலி போலத் தெரியும். அவரே ‘இப்படிப் போடு’ என்று சொன்னால் அப்படியே போடுங்கள். ‘இங்கிலீஷில் போடு’ என்றால் மாற்றுங்கள்.

கறுத்த முகம் காகிதத்தில் கருகாமல் வர

இந்தப் பத்திரிகைக்கு இதைவிட முக்கியமான அச்சு வேலை வேறில்லை. நியூஸ்பிரிண்ட் 45 முதல் 50 கிராம் எடை, பூச்சில்லாத தாள். மையை உறிஞ்சி, படமாக அச்சாகும் சிறு புள்ளிகளைப் பரப்பும். திரையில் 50 சதவீதம் இருக்கும் புள்ளி தாளில் ஏறத்தாழ 75 சதவீதமாகத் தெரியும். வெளிர் முகம் இதைத் தாங்கும். கறுத்த முகத்தில் கண், மூக்கு, கன்னத்துக்கு இடையிலுள்ள நுண்ணிய வேறுபாடுகள் எல்லாம் அந்த நடு அளவிலேயே இருப்பதால், மொத்தமும் சேர்ந்து ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். பட்டம் வாங்கிய பெண்ணின் முகம் தெரியாமல் தொப்பி மட்டும் தெரியும் படத்தைப் பார்த்த தாய் அந்தப் பத்திரிகையைச் சுவரில் ஒட்ட மாட்டார்.

வேலை கேமராவிலேயே தொடங்க வேண்டும். வெள்ளைச் சுவரின் முன்னும் ஜன்னலுக்கு முதுகு காட்டியும் நிறுத்தாதீர்கள். கேமரா வெள்ளைக்கு ஏற்ப அளந்து முகத்தை இருட்டாக்கும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து முகத்தில் விழட்டும், பின்னணி நடுத்தர நிறமாக இருக்கட்டும். ஒளியை முகத்தில் அளந்து எடுங்கள். போன் கேமரா என்றால் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றே கூட்டுங்கள். நேர் ஃபிளாஷ் வேண்டாம். நெற்றியும் மூக்கும் வெள்ளைப் பொட்டாக மின்னும், மற்றது கறுக்கும். கூரையில் பட்டுத் திரும்பும்படி ஃபிளாஷைத் திருப்பினால் போதும்.

ஃபோட்டோஷாப்பில் அச்சகம் சொல்லும் நியூஸ்பேப்பர் புரொஃபைலுக்கு (தாளுக்கேற்ற நிற அமைப்புக்கு) மாற்றுங்கள். ஐரோப்பாவில் ஐ.எஸ்.ஓ. நியூஸ்பேப்பர் 26, வட அமெரிக்காவில் ஸ்னாப் 2007 வழக்கம். இரண்டிலும் நான்கு மையின் (நீலச் சயான், இளஞ்சிவப்பு மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) கூட்டுத்தொகை 240 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பளபளப்புத் தாளுக்கான புரொஃபைலில் விட்டுவிட்டால் கூட்டுத்தொகை 300-க்குப் போய், மை காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும்.

பிறகு நிற அளவைக் காட்டும் ஐட்ராப்பர் கருவியை எடுத்து முகத்தில் எண்களைப் பாருங்கள். வெளிச்சம் படும் கன்னத்தில் கறுப்பு மை 10 சதவீதத்துக்குள், நிழல் பக்கத்தில் 40 சதவீதத்துக்குள் இருந்தால் உருவம் நிற்கும். சயான் எப்போதும் மெஜந்தாவைவிடக் குறைவாக, பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு அளவில் இருக்க வேண்டும். சயான் ஏறினால் முகம் சாம்பல் பூத்தது போல வரும். கர்வ்ஸில் நடுப்பகுதியை 10 முதல் 15 வரை தூக்குங்கள். திரையில் கொஞ்சம் வெளிறியதாகத் தோன்றும். தாளில் சரியாக வரும். முழுப்படத்தையும் தூக்கினால் வெள்ளைச் சட்டை காணாமல் போகும், ஆகவே முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டுச் செய்யுங்கள். மனிதரின் நிறத்தை மாற்றுவது இதன் நோக்கம் அல்ல. அசல் படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்து, தாளில் அச்சாகி வந்த பிரதியை அதோடு ஒப்பிட்டு, அடுத்த இதழுக்கு எண்களைத் திருத்திக்கொள்ளுங்கள். முதல் மூன்று இதழிலேயே உங்கள் அச்சகத்துக்கான எண் பிடிபட்டுவிடும்.

படத்தின் தெளிவு அச்சாகும் அளவில் 200 பி.பி.ஐ. (அங்குலத்துக்கு 200 பிக்சல்) போதும். வாட்ஸ்அப் வழியாக வந்த படம் சுருங்கியிருக்கும்; கோப்பாகவோ மின்னஞ்சலிலோ அனுப்பச் சொல்லுங்கள். லேஅவுட்டுக்காகப் படத்தை இடவலமாகத் திருப்பவே கூடாது. டிரினிடாட் கொடியின் கறுப்புப் பட்டை இடது மேல்மூலையிலிருந்து வலது கீழ்மூலைக்கு இறங்குவது, திருப்பினால் தப்பாகிவிடும். வலக்கை ஆட்டக்காரர் இடக்கை ஆட்டக்காரர் ஆகிவிடுவார்.

எழுத்துக்கு நூறு சதவீதம் கறுப்பு மை மட்டும். நான்கு மையும் கலந்த கறுப்பில் எழுத்து வந்தால், அச்சுத் தட்டு இம்மி நகர்ந்தாலும் நிழலடிக்கும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தை 10 புள்ளிக்குக் கீழே, மெல்லிய எழுத்துருவில் வைக்காதீர்கள். கோப்பை பி.டி.எஃப். எக்ஸ்-1ஏ வடிவில் அனுப்புங்கள்.

இரங்கல் பக்கம்

முதலில் புரட்டப்படும் பக்கம் இதுவாகத்தான் இருக்கும். ஊரைவிட்டு வந்தவர்களுக்கு யார் போனார், இறுதி வழிபாடு எங்கே, உடல் இங்கே அடக்கமா, ஊருக்குப் போகிறதா என்பது தெரிய வேண்டும். படிவம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: முழுப்பேர், கூப்பிடும் பேர், பிறந்த பாரிஷ், படித்த பள்ளி, வேலை செய்த இடம், உறவினர் பேர்கள், இறுதி வழிபாட்டின் தேதி, நேரம், முகவரி, ஜமைக்காக் குடும்பம் என்றால் நைன் நைட் (இறந்தவருக்காக உறவினர் இரவில் கூடும் சடங்கு) நடக்கும் இடமும். பேர் பட்டியலில் யாரேனும் விடுபட்டால் அந்தக் குடும்பத்தில் பல வருஷத்துக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. அதனால் மெய்ப்பைக் குடும்பத்தில் இருவரிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். இறப்பை ஃபியூனரல் ஹோமில் உறுதிசெய்யாமல் எந்த அறிவிப்பையும் ஏற்காதீர்கள். கட்டணம் வாங்கலாம், ஆனால் நான்கு வரி அறிவிப்பு இலவசமாக இருக்கட்டும்.

விளம்பரம்: எதை வாங்குவது, எதை மறுப்பது

ஊருக்குப் பேரல் (சாமான் நிரப்பிய பீப்பாய்) அனுப்பும் கப்பல் நிறுவனங்கள், பணம் அனுப்பும் கடைகள், பேக்கரிகள், உணவகங்கள், வீடு விற்பனையாளர்கள், வக்கீல்கள், ஃபியூனரல் ஹோம்கள் ஆகியோர் நிலையான விளம்பரக்காரர்கள். ஆறு மாத ஒப்பந்தத்துக்குத் தள்ளுபடி கொடுங்கள். நடன நிகழ்ச்சி, கச்சேரி விளம்பரங்களுக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்குங்கள். நிகழ்ச்சி முடிந்தபின் வசூலிப்பது நடக்காத காரியம். ஒரே விளம்பரக்காரர் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கவலைப்படுங்கள்.

அரசு விளம்பரத்தைக் கேட்டு வாங்குங்கள். நியூயார்க் நகரத்துறைகள் தங்கள் அச்சு, டிஜிட்டல் விளம்பரச் செலவில் பாதியையாவது சமூகப் பத்திரிகைகளுக்கும் இனக்குழு ஊடகங்களுக்கும் தர வேண்டும் என்று 2019-இல் மேயர் உத்தரவிட்டார். 2021-இல் அது சட்டமானது. நகரத்தின் பட்டியலில் பேர் இல்லாத பத்திரிகைக்கு அது கிடைக்காது.

குடியேற்ற ஆலோசனை விளம்பரம் வந்தால் உரிமத்தைப் பாருங்கள். கனடாவில் வக்கீலாகவோ, வக்கீல் சங்க உரிமம் பெற்ற பாராலீகலாகவோ, கியூபெக் நோட்டரியாகவோ, குடியேற்ற ஆலோசகர்களுக்கான ‘காலேஜ்’ என்ற ஒழுங்குமுறை அமைப்பின் உரிமம் பெற்றவராகவோ இருக்க வேண்டும். பிரிட்டனில் வக்கீல் அல்லாதவர் குடியேற்ற ஆலோசனை ஆணையத்தில் பதிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் வக்கீலோ மத்திய அரசின் ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் அங்கீகரித்த பிரதிநிதியோ தவிர வேறு யாரும் செய்ய முடியாது. மூன்றையும் ஆன்லைனில் ஐந்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். “கிரீன் கார்டு நிச்சயம்” என்ற வாசகம் இருந்தால் உரிமம் இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

டிரினிடாடில் சூசூ, ஜமைக்காவில் பார்ட்னர், கயானாவில் பாக்ஸ் ஹேண்ட் என்று நம் சீட்டு போன்ற பழைய நம்பிக்கை முறை ஒன்று இந்தச் சமூகத்தில் இருக்கிறது. அதில் போட்ட பணமே முறைவைத்துத் திரும்பும், லாபம் கிடையாது. “ஒன்று போட்டால் எட்டு” என்று அதே பேரில் வரும் திட்டம் பிரமிடு மோசடி. அந்த விளம்பரத்தை மறுப்பதோடு, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கட்டம் கட்டிப் போடுங்கள்.

புயல் காலத்தில் நிதி வேண்டுகோள்கள் குவியும். 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் கிரெனடாவின் கரியாகூ தீவைப் புரட்டிப்போட்டது. 2025 அக்டோபர் 28 அன்று மெலிசா ஜமைக்காவைத் தாக்கியது. இப்படிப்பட்ட நேரத்தில் பதிவு எண் இல்லாத வேண்டுகோளைப் போடாதீர்கள். பிரிட்டனில் சாரிட்டி கமிஷன், கனடாவில் வருவாய்த்துறை, அமெரிக்காவில் ஐ.ஆர்.எஸ். பட்டியல்களில் தேடுங்கள். பழந்துணி பேரல்களை வேண்டாம் என்று ஊரில் உள்ளவர்களே சொல்வார்கள், ஜமைக்காவில் ஓ.டி.பி.இ.எம். போன்ற பேரிடர் அமைப்புகள் வெளியிடும் தேவைப் பட்டியலை அப்படியே அச்சிடுங்கள். மூன்று மாதம் கழித்து, எவ்வளவு திரண்டது, எது போய்ச் சேர்ந்தது, எத்தனை கூரை வேயப்பட்டது என்று திரும்ப எழுதுங்கள். இந்தப் பத்திரிகை எழுதக்கூடிய மிக நல்ல சேதி அதுதான்.

பிரதிகள் போய்ச் சேர

5,000 பிரதியை 50, 100 பிரதி கொண்ட கட்டுகளாக அச்சகத்திலேயே கட்டச் சொல்லுங்கள். பேட்டீஸ் (உள்ளே இறைச்சி வைத்துச் சுட்ட ஜமைக்காப் பண்டம்) விற்கும் பேக்கரி, முடிதிருத்தும் கடை, சலூன், பேரல் கடை, சர்ச், கோயில், மசூதி, நூலகம், முதியோர் மையம் என்று முதல் மாதம் 60 இடம் போதும். கடைக்காரரிடம் கேட்டு, வாசலுக்கு உள்ளே, ரொக்கப் பெட்டிக்கு அருகே இடம் வாங்குங்கள். வெளியே வைத்தால் மழையில் நனையும். அடுத்த இதழை வைக்கும்போது மிச்சத்தை எண்ணி எழுதுங்கள். நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் மிஞ்சினால் அங்கே குறைக்க வேண்டும். ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் எந்த நாளில் தீர்ந்தது என்று கேட்டுவிட்டுக் கூட்டுங்கள். சில நேரம் கடைக்காரர் பொட்டலம் மடிக்க எடுத்திருப்பார். விளம்பரக்காரரிடம் அச்சகத்தின் ரசீதைக் காட்டிப் பிரதி எண்ணிக்கை சொல்லுங்கள். ஊதிச் சொன்ன எண் ஒருநாள் வெளியே வரும்.

ஆண்டின் வரவு சீராக இருக்காது. ஜூனில் அமெரிக்காவில் கரீபிய-அமெரிக்க மரபு மாதம், 22-ஆம் தேதி பிரிட்டனில் விண்ட்ரஷ் நாள். ஆகஸ்ட் 1 விடுதலை நாள். அதை ஒட்டி டொரன்டோவில் 1967 முதல் நடக்கும் கரிபானா கார்னிவல். ஆகஸ்ட் 6 ஜமைக்கா, 31 டிரினிடாட்-டொபேகோ சுதந்திர நாள். மாதக் கடைசியில் நாட்டிங் ஹில் கார்னிவல், செப்டம்பர் முதல் திங்கள் புரூக்ளின் ஈஸ்டர்ன் பார்க்வே சாலையில் கார்னிவல் ஊர்வலம். இந்த மூன்று மாதத்தில் 24 பக்கம் போடலாம். நவம்பர் 30 பார்படோஸ் நாளும் கிறிஸ்துமஸும் முடிந்தால் ஜனவரி வறண்டுவிடும்; அதற்கான அச்சுக்கூலியை ஆகஸ்டிலேயே ஒதுக்குங்கள்.

திருத்தங்களுக்கு இரண்டாம் பக்கத்தில் நிலையான இடம் வேண்டும். தவறான பேர் வந்திருந்தால் சரியான பேரோடு படத்தையும் மறுபடி போடுங்கள்.

முதல் இதழுக்கு முன்பே ஐ.எஸ்.எஸ்.என். (பருவ இதழ்களுக்கான சர்வதேச அடையாள) எண் வாங்குங்கள்; அமெரிக்கா, கனடா, பிரிட்டன் மூன்றிலும் இலவசம். பிரிட்டனில் அச்சகத்தின் பேரும் முகவரியும் இதழில் இருப்பது சட்டப்படி கட்டாயம்; வெளியான ஒரு மாதத்துக்குள் பிரிட்டிஷ் நூலகத்துக்கு ஒரு பிரதி போக வேண்டும். கனடாவில் நூற்றுக்கு மேல் அச்சிட்டால் தேசிய நூலக ஆவணக் காப்பகத்துக்கு இரண்டு பிரதி. இதற்கு மேல் ஒவ்வொரு இதழிலும் பத்துப் பிரதியை வெளிச்சம் படாத அட்டைப்பெட்டியில் தட்டையாக அடுக்கி வையுங்கள். நியூஸ்பிரிண்ட் வெயில் பட்டால் சீக்கிரமே மஞ்சளாகும். படங்களின் அசல் கோப்புகளைப் பேர், ஊர், தேதியோடு இரண்டு வட்டுகளில் சேமித்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.